முரசுப் பிளவும் இடுப்பெலும்பும்

ததீசி முனிவரின் கதையை நம்மிற் பலர் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். விருத்திராசுரனை வெல்லத் தக்க ஆயுதமின்றி நின்ற இந்திரனுக்குத் தம் முதுகெலும்பையே ஈந்தார் அம்முனிவர். பிறர் பொருட்டுத் தன் எலும்பைத் தர முன்வருதல் புராணத்தில் மட்டும் காணப்படும் செய்தியன்று. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளையின் தாயும் அவ்வாறே முன்வருவாள். "ஐயா, பிள்ளையின் இடுப்பிலே கத்தி வைக்க வேண்டாம். எலும்புதான் வேண்டுமென்றால் என்னுடையதை எடுங்கள்" என்று அவள் கேட்கும்போது, அந்தக் கேள்வியின் பின்னால் வேறு பல கேள்விகளும் மறைந்து நிற்கின்றன. உதட்டைத் தைத்தாயிற்று, அண்ணத்தையும் மூடியாயிற்று. ஒன்பது வயதில் மறுபடியும் சத்திரசிகிச்சை எதற்கு? வாயில் உள்ள குறைக்கு இடுப்பை ஏன் தொட வேண்டும்? பிள்ளை நொண்டுவானா? இக்கேள்விகளுக்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இப்பிளவு எவ்வாறு உண்டாகின்றது என்பதைப் பார்ப்போம். தாயின் வயிற்றிற் கரு உருவாகி நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையுள்ள காலத்தில் மேலுதடும் மேல்முரசின் முன்பகுதியும் அமைகின்றன. மூக்கின் பக்கமாக நடுவிலிருந்து ஒரு பகுதி கீழ்நோக்கி வளர்கின்றது. இரு கன்னங்களின் பக்கத்திலிருந்தும் இரு பகுதிகள் அதனை நோக்கி வளர்கின்றன. இம்மூன்றும் சந்தித்து ஒன்றாகப் பொருந்தினால் உதடும் முரசும் முழுமை பெறும். ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ அவை பொருந்தாது விட்டால் பிளவு நிலைத்துவிடுகின்றது. இதன் பின்னரே, பன்னிரண்டாம் வாரமளவில், அண்ணம் மூடிக்கொள்கின்றது. உலகிற் பிறக்கும் ஏறத்தாழ 700 பிள்ளைகளுள் ஒன்று இத்தகைய பிளவுடன் பிறக்கின்றது. ஒரு பக்கப் பிளவாயின் அது இடப்பக்கத்திலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது.

கிரகண வேளையில் கர்ப்பிணி கத்தியையோ அரிவாளையோ தொட்டதால் வந்த குறை இது என்று நம்மவர் சொல்வதுண்டு. அந்தச் சொல்லைத் தன் தலைமேற் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வருந்தும் தாய்மாரும் உளர். கிரகணத்துக்கும் இப்பிளவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பரம்பரைக் கூறுகள் பலவும் புறச்சூழலின் கூறுகள் சிலவும் கூடியே இது நிகழ்கின்றது. அதுவும், தான் கருவுற்றிருப்பதைப் பெண் உறுதியாக அறிந்துகொள்ளும் முன்னரே பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. ஆதலின் தாயைக் குறைகூற இதில் இடமேயில்லை.

இனி, முரசிலுள்ள பிளவைப் பற்றிக் கூறுவோம். பற்கள் ஊன்றி நிற்கும் வளைந்த எலும்பு வரம்பை முரசெலும்பு என்று இப்பேச்சில் வழங்குவோம். உதட்டின் பிளவை முதற் சில மாதங்களிலும், அண்ணத்தின் பிளவை ஓராண்டளவிலும் மூடிவிடுகிறார்கள். அவ்வாறு மூடும்போது தோலும் தசையும் சவ்வும் இணைகின்றன. ஆனால் முரசெலும்பில் உள்ள இடைவெளி பெரும்பாலும் அப்படியே விடப்படுகின்றது. வெளிப்பார்வைக்குப் பிள்ளையின் முகம் சீராகிவிட்டதனால் பெற்றோர் நிம்மதியடைகின்றனர். உள்ளேயோ வரம்பு உடைந்த வயல்போல அந்த இடம் கிடக்கின்றது.

அதனால் வரும் தீங்குகள் யாவை? முதலாவது, மேல்முரசு ஒரே வளைவாக நில்லாமல் இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகப் பிரிந்து அசையும் தன்மையுடையதாய் இருக்கின்றது. இரண்டாவது, வாய்க்கும் மூக்குக்கும் இடையே சிறு துவாரம் எஞ்சியிருந்தால் குடிக்கும் நீரும் பாலும் மூக்குவழி வரும். மூன்றாவது, மூக்கின் அடிப்பாகத்திற்குத் தாங்கலின்றி அப்பக்கம் தாழ்ந்து தோன்றும். நான்காவதும் முக்கியமானதும் யாதெனில், பிளவுக்கு அருகே முளைக்க வேண்டிய பற்களுக்கு, சிறப்பாக வேட்டைப்பல்லுக்கு, இறங்கி வர வழியில்லை. பல் எலும்பினூடாகவே இறங்கி வரும். எலும்பில்லாத இடத்தில் அது முளையாது. முளைத்தாலும் வேரின் ஒரு பக்கம் வெறுமையாய் இருப்பதால் நெடுங்காலம் நிலையாது.

அப்படியாயின் குழந்தைப் பருவத்திலேயே எலும்பை வைத்து இடைவெளியை நிரப்பிவிடலாமே என்று நீங்கள் எண்ணலாம். வைத்தியர்களும் அவ்வாறே எண்ணினார்கள். 1914ஆம் ஆண்டிலேயே திறாக்டர் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் காலெலும்பின் துண்டொன்றைக் கொண்டு பிளவை மூட முயன்றார். 1950களில் ஜேர்மனியிலும் சுவீடனிலும் கைக்குழந்தைகளின் முரசில் எலும்பு வைக்கும் முறை பரவிற்று. தொடக்கத்தில் அது பெரும் வெற்றி என்றே தோன்றியது. ஆனால் அக்குழந்தைகள் வளர வளர, அவர்களின் மேற்றாடை முன்னோக்கி வளராமற் பின்தங்கியதையும், முகத்தின் நடுப்பகுதி குழிவுற்றதையும் வைத்தியர்கள் கண்டனர். இளங்குருத்தைச் சுற்றி இறுகக் கட்டிய கயிறுபோல, காலத்துக்கு முந்திய சத்திரசிகிச்சையின் தழும்பு வளர்ச்சியைத் தடுத்தது. பெரும்பாலான நிலையங்கள் அம்முறையைக் கைவிட்டன.

இவ்விடத்தில் நம் நாட்டுக்குரிய செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். 1980களில் மைக்கேல் மார்ஸ் என்ற பிரித்தானியப் பற்சீரமைப்பு நிபுணரும் அவர் குழுவினரும் இலங்கையில், சிறு வயதிற் சிகிச்சை பெறாமலே வளர்ந்துவிட்ட பிளவுடையோரைப் பரிசோதித்தனர். சிகிச்சை பெறாத அவர்களின் மேற்றாடை ஏறத்தாழ இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்தது. மார்சும் ஹூஸ்ற்றனும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதனை எடுத்துக்காட்டிற்று. தாடையின் வளர்ச்சி குன்றுவதற்குப் பிளவு மட்டுமே காரணமன்று; சத்திரசிகிச்சையின் தழும்புக்கும் அதிற் பெரும்பங்கு உண்டு என்ற பாடத்தை உலகம் கற்பதற்கு நம் நாட்டு ஏழை மக்களின் முகங்களே ஏடாக அமைந்தன. சிகிச்சை எட்டாமற் போன அவர்களின் துன்பத்திலிருந்து பின்வந்த பிள்ளைகளுக்கு ஒரு நன்மை பிறந்தது எனலாம்.

எனவே, எலும்பை எப்போது வைப்பது? இதற்குத் தக்க விடையை 1972இல் அமெரிக்கரான பொயின், சான்ட்ஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். பாற்பற்களும் நிலைப்பற்களும் கலந்திருக்கும் பருவத்தில், வேட்டைப்பல் இறங்குவதற்கு முன்னதாக, இடுப்பிலிருந்து எடுத்த மென்மையான உள்ளெலும்பை வைக்கும் முறை அது. அவ்வயதில் மேற்றாடையின் முன்பகுதி பெருமளவு வளர்ந்து முடிந்திருக்கும். ஆகவே வளர்ச்சிக்கு ஏற்படும் தடை மிகக் குறைவு. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் ஓபியோம், பேர்க்லண்ட், செம்ப் என்போர் இம்முறையைப் பல பிள்ளைகளில் ஒழுங்காகக் கையாண்டு, 1981இலும் 1986இலும் தம் பெறுபேறுகளை வெளியிட்டனர். அதன் பின்னர் உலகெங்கும் இதுவே பொதுவழியாயிற்று. பெரும்பாலும் எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் இடையே, வேட்டைப்பல்லின் வேர் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உருவாகியிருக்கும் வேளை இதற்கு உகந்தது. வயதைவிடக் கதிர்ப்படத்திலே தெரியும் பல்லின் நிலையே முக்கியம். பக்க வெட்டும்பல்லைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் சிலருக்கு இதனினும் முன்னதாகவே செய்வதுண்டு.

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். அவள் தரும் எலும்பை ஏன் ஏற்பதில்லை? பயிர் செய்வோருக்கு இதனை எளிதில் விளக்கலாம். நாற்றை நடும் உழவன் பச்சை நாற்றையே நடுவான். உலர்ந்த வைக்கோலை நடமாட்டான். பிளவில் வைக்கும் எலும்பும் உயிருள்ளதாய் இருத்தல் வேண்டும். அதிலுள்ள உயிரணுக்கள் புதிய இடத்திற் பிழைத்து, புதிய எலும்பை ஆக்குதல் வேண்டும். பிள்ளையின் சொந்த எலும்பணுக்களை அவன் உடல் தன்னுடையவையென ஏற்கும். தாயினுடையதாயினும் வேறோர் உடலின் உயிரணுவை அது அந்நியமெனக் கண்டு அழித்துவிடும். தாயன்புக்கு எல்லை இல்லையாயினும் உடலின் காவலுக்கு எல்லை உண்டு.

சொந்த எலும்பிலும் எல்லாப் பகுதியும் ஒரே தன்மையுடையதன்று. பனைமரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் புறம் வைரம் பாய்ந்து கடினமாக இருக்கும். உள்ளே மென்மையான சோறு இருக்கும். எலும்பும் அத்தகையதே. புறத்தே கெட்டியான ஓடு; அகத்தே தேன்கூடு போலக் கண்ணறைகள் நிறைந்து, செம்மச்சை ஊறிய பஞ்செலும்பு. இந்தப் பஞ்செலும்பின் கண்ணறைகளுக்குள் புதிய இரத்தக் குழாய்கள் சில வாரங்களுள் நுழைந்துவிடும். கெட்டியான ஓட்டினுள் அவை நுழைய மாதக்கணக்காகும். அதற்குள் நோய்க்கிருமிகள் இடம் பிடித்துக்கொள்ளவுங் கூடும். அன்றியும், பஞ்செலும்பு சில மாதங்களில் சுற்றியுள்ள முரசெலும்போடு ஒன்றாகிவிடுவதால் வேட்டைப்பல் அதனூடே தன் வழியைத் தேடிக்கொண்டு இறங்கும். கெட்டி எலும்போ பல்லுக்குத் தடையாய் நிற்கும். ஆதலின், எங்கிருந்து எடுப்பது என்ற வினாவுக்கு விடை, பஞ்செலும்பு எங்கே நிறைய உண்டு என்பதைப் பொறுத்தது.

உடலில் எடுக்கத்தக்க இடங்கள் சில உண்டு. விலா எலும்பைக் கைக்குழந்தைகளுக்கு முன்னர் எடுத்தனர். அதிற் பஞ்செலும்பு குறைவு. நெஞ்சில் தழும்பும் வலியும் உண்டாகும். நுரையீரலைச் சூழ்ந்த சவ்வு கிழியவும் இடமுண்டு. கீழ்த்தாடையின் நாடிப்பகுதி இரண்டாவது. வாயின் உள்ளேயே கீறுவதால் வெளியே தழும்பில்லை. ஆனால் கிடைக்கும் அளவு சிறிது. பிள்ளைகளின் நாடியில் இன்னும் முளையாத பற்கள் புதைந்திருப்பதால் அவற்றுக்கு ஊறு நேரலாம். மூன்றாவது மண்டையோடு. தழும்பு மயிருள் மறைந்துவிடும், வலியும் சிறிது. எனினும் பிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது. அதனுள் பஞ்செலும்பு மிகக் குறைவு. அதன் கீழே மூளையைப் போர்த்த உறை இருப்பதால் மிகுந்த கவனம் வேண்டும். நான்காவது முழங்காலுக்குக் கீழுள்ள காலெலும்பு. அதன் மேற்பகுதியிற் பஞ்செலும்பு உண்டு. சில நாடுகளில் இன்றும் எடுக்கின்றனர். ஆயினும் கால் நீள்வதற்குக் காரணமான வளர்ச்சித் தகடு மிக அண்மையில் இருப்பதால், வளரும் பிள்ளையிற் பலர் அதனைத் தவிர்க்கின்றனர்.

எஞ்சியது இடுப்பெலும்பு. இடுப்பில் கைவைத்து நிற்கும்போது கையில் தட்டுப்படும் அந்த மேல்விளிம்புக்குக் கீழே, இரண்டு எலும்பு ஓடுகளின் நடுவே, நல்ல பஞ்செலும்பு நிறைந்திருக்கின்றது. ஒருபக்கப் பிளவுக்கு ஒரு தேக்கரண்டி எலும்புக்கு மேல் வேண்டியதில்லை. அவ்வளவை இது தாராளமாகத் தரும். வாய்க்கும் இடுப்புக்கும் இடையே தூரம் உள்ளதால், ஒரு குழுவினர் வாயை ஆயத்தப்படுத்தும்போதே மற்றொரு குழுவினர் எலும்பை எடுக்கலாம். மயக்கத்தில் இருக்கும் நேரமும் குறையும். இவையே இடுப்பெலும்பு முதலிடம் பெற்றதன் காரணங்கள்.

எடுக்கும் முறைகள் இரண்டை விளக்குவோம். முதலாவது திறந்து எடுக்கும் முறை. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் பின்தள்ளியே கீறலைத் தொடங்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பொன்று அம்முனையின் அருகே செல்கின்றது. அது வெட்டுண்டால் தொடை மரத்துப்போகும். கீறல் எலும்பு விளிம்பின் நேர்மேலே இராமல், காற்சட்டையின் பட்டி உரசாத இடத்தில் அமைவது நல்லது. பிள்ளைகளில் அவ்விளிம்பு இன்னும் முற்றாக எலும்பாகாமற் கசியிழையமாய் இருக்கும். இடுப்பு வளர்வதற்கு அதுவே ஆதாரம். ஆதலின் அதனை வெட்டியெறியாது, பெட்டகத்தின் மூடியைப்போல ஒரு பக்கம் இணைந்திருக்கத் திறந்து, உள்ளிருக்கும் பஞ்செலும்பைச் சிறு கரண்டி போன்ற கருவியாற் சுரண்டி எடுத்து, மூடியை மீண்டும் அதன் இடத்தில் வைத்துத் தைத்துவிடுகின்றனர். வெளிப்பக்கத்திலே நடைக்குதவும் தசைகள் பற்றியுள்ளன. அவற்றைப் பெயர்த்தெடுத்தால் நடக்கும்போது வலியும் நொண்டலும் உண்டாகும். அவற்றைத் தொடாது விடுவதே நொண்டலைத் தடுக்கும் வழி.

இரண்டாவது, குழாய்க்கருவியால் எடுக்கும் முறை. அரிசிக் கடையில் மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியைச் செலுத்தி உள்ளிருக்கும் அரிசியை எடுத்துப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறே, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமான சிறு கீறலின் வழியே திறெபைன் எனப்படும் உட்குழலான வெட்டுகருவியைச் செலுத்தி, பஞ்செலும்பை உருளை வடிவிற் சிறு துண்டுகளாக எடுக்கின்றனர். அதே துவாரத்தின் வழியாகத் திசையைச் சற்று மாற்றி மாற்றிச் செலுத்தினால் போதிய அளவு கிடைத்துவிடும். தசையைப் பெயர்க்க வேண்டியதில்லை, தழும்பும் சிறிது, பிள்ளை விரைவில் நடமாடும். ஆனால் கருவி செல்லும் இடத்தைக் கண்ணாற் காண முடியாது. இரண்டு ஓடுகளுக்கும் நடுவே அது செல்கின்றதா என்பதைக் கையினாலேயே உணர்தல் வேண்டும். வழிதவறி உள் ஓட்டைத் துளைத்தால் வயிற்றுப் பக்கத்துக்கு ஆபத்து. ஆகவே இம்முறை பழகிய கைக்கே உரியது. அதிக எலும்பு தேவைப்படும் இருபக்கப் பிளவுகளுக்குத் திறந்து எடுக்கும் முறையைச் சிலர் விரும்புகின்றனர்.

எடுத்த எலும்பை என்ன செய்வது? பிடுங்கிய நாற்றின் வேர் காயாதபடி உழவன் காப்பதுபோல, அதனை ஈரத்தில் வைத்து, காலந் தாழ்த்தாது பயன்படுத்துகின்றனர். வாயிற் பிளவின் இரு பக்கத்துச் சவ்வுகளையும் உயர்த்தி, மேலே மூக்கின் தளத்தையும் பின்னே அண்ணத்தின் பக்கத்தையும் நீர் கசியாவண்ணம் தைக்கின்றனர். இப்போது அந்த இடம் ஒரு சிறு பை போலாகின்றது. அதனுள் எலும்புத் துகள்களை இடைவெளியின்றி நிரப்பி, அருகிலுள்ள முரசுச் சதையையே நகர்த்தி முன்பக்கத்தையும் மூடுகின்றனர். தையல் இழுபட்டு நிற்றல் ஆகாது. இழுபட்டால் அது பிரிந்து, உள்ளிருக்கும் எலும்பு வெளிப்பட்டு அழியும்.

எடுத்த இடத்தின் வலி இரண்டொரு நாள் இருக்கும். பிள்ளைகள் வாயிலுள்ள வலியைவிட இடுப்பு வலியையே பெரிதாகச் சொல்வார்கள். இடுப்புக் காயத்தினுள்ளே நீண்டநேரம் வேலை செய்யும் விறைப்பு மருந்தை விட்டு வைப்பதால் அவ்வலி இப்போது வெகுவாகத் தணிக்கப்படுகின்றது. பெரும்பாலான பிள்ளைகள் மறுநாளே எழுந்து மெல்ல நடக்கத் தொடங்குவர். சில நாட்கள் சற்றுச் சாய்ந்து நடந்தாலும் அது நீங்கிவிடும். ஓட்டம், பந்தாட்டம் முதலியவற்றை மட்டும் வைத்தியர் சொல்லும் வரை சில வாரங்கள் தள்ளிவைக்க வேண்டும். குழைசாதம், கஞ்சி போன்ற மென்மையான உணவே அக்காலத்துக்கு ஏற்றது. முறுக்கும் பனங்கிழங்கும் காத்திருக்கட்டும்.

ஏறத்தாழ ஆறு மாதத்தின் பின் எடுக்கும் கதிர்ப்படம் சிகிச்சையின் பயனைக் காட்டும். பேர்க்லண்ட் குழுவினர் வகுத்த அளவுகோலின்படி, எலும்பு ஏறத்தாழ இயல்பான உயரம் பெற்றிருந்தால் முதல் வகுப்பு. முக்காற் பங்கேனும் இருந்தால் இரண்டாம் வகுப்பு. அதனினும் குறைந்தால் மூன்றாம் வகுப்பு. இரு பக்கமும் எலும்பால் இணையாவிடில் நான்காம் வகுப்பு. நன்கு அமைந்த எலும்பினூடே வேட்டைப்பல் பெரும்பாலும் தானாகவே இறங்கி வருகின்றது. சிலருக்கு மட்டும் அதனைத் திறந்துவிட்டுக் கம்பிகளால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

எலும்பெடுக்காமலே இதனைச் செய்ய வழியில்லையா என்ற தேடலும் நடைபெறுகின்றது. 1965இல் மார்ஷல் யூறிஸ்ற் என்ற அமெரிக்கர், எலும்பிலுள்ள ஒரு பொருள் தசையினுள்ளும் புதிய எலும்பைத் தோற்றுவிக்கும் எனக் காட்டினார். பின்னர் அப்பொருள்கள் புரதங்கள் என அறியப்பட்டு, ஆய்வுக்கூடங்களிலும் ஆக்கப்பட்டன. அவற்றைப் பஞ்சில் ஊறவைத்துப் பிளவில் வைத்துப் பார்த்துள்ளனர், எலும்பும் தோன்றியுள்ளது. ஆயினும் மிகுந்த வீக்கம் உண்டாவதாலும், வளரும் பிள்ளைகளில் நெடுங்காலத்துக்கு அவை தீங்கற்றவையா என்ற ஐயம் தீராததாலும், சொந்த இடுப்பெலும்பே இன்னும் உரைகல்லாக நிற்கின்றது.

நேயர்களே, இத்துணை நுணுக்கமான வேலையும் வீணாவதற்கு இரண்டு காரணங்கள் போதும். ஒன்று, காலந் தாழ்த்தல். உதடு சீரானவுடன் வைத்தியசாலைக்கு வருவதை நிறுத்திவிட்டு, வேட்டைப்பல் பிளவினுள் இறங்கி வெறுமையாய் நின்ற பின் வருவோர்க்கு இதே சிகிச்சை அத்துணை நற்பயன் தருவதில்லை. மற்றொன்று, பற்களைப் பேணாமை. சொத்தைப் பற்களும் வீங்கிய முரசும் உள்ள வாயில் வைத்த எலும்பு கிருமிகளுக்கு இரையாகும். வைத்தியர் எலும்பை எடுப்பதற்கு முன்பே பெற்றோர் செய்யவேண்டிய வேலை இவ்வகையில் இருக்கின்றது. பிளவுடன் பிறந்த பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது, முகம் எவ்வளவு சீராகத் தோன்றினாலும், பல் வைத்தியரிடம் கொண்டுசென்று கதிர்ப்படம் எடுத்துப் பாருங்கள். காலையும் இரவும் பல் துலக்கும் பழக்கத்தை உறுதியாக்குங்கள்.

தன் எலும்பைத் தர முன்வந்த அந்தத் தாய்க்கும் இதுவே விடை. அம்மா, உன் எலும்பு வேண்டாம். பிள்ளையின் இடுப்பு ஒரு தேக்கரண்டி எலும்பைத் தந்துவிட்டுச் சில நாட்களில் அதனை மறந்துவிடும். உன்னிடமிருந்து வேண்டுவது, உரிய வயதில் அவனைக் கைப்பிடித்து அழைத்துவரும் நினைவு ஒன்றே.